கூண்டைப் பார்த்துக் கூப்பிட்ட பெயர்

புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் பால் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் சட்டம் மாறியது. அதற்கு முன்பு சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் ஜெயில். இனிமேல் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் போகலாம் என்று ஆகிவிட்டது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிக்கு இதில் ஒரே வயிற்றெரிச்சல்.

தங்கா பத்து என்ற ஊரில் நல்ல வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரர் முறைப்படி சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். போகிறவரைப் போகவிட வேண்டியதுதானே? நாங்கள் வளர்த்த வெள்ளாட்டைத் தன்னுடையது, இவர் திருடிக்கொண்டு போகிறார் என்று கிராணி போலீஸில் சொல்லிவிட்டான். ஆட்டையும் பிடித்தார்கள், அவரையும் பிடித்தார்கள். தோட்டத்தை விட்டுப் போனதற்கு உள்ளே தள்ள முடியாதவன், ஆட்டைச் சாக்கு வைத்தாவது தள்ளப் பார்த்தான், படுபாவி.

மலாக்கா டவுன் கோர்ட்டில் நான்தான் சாட்சி. குட்டி பிறந்ததும் தாயாடு செத்துப்போனது. துணியை நனைத்துப் பால் ஊட்டி வளர்த்தவள் நான். அதை விவரமாகச் சொல்ல வேறு ஆள் இல்லை; நான் சொல்லாவிட்டால் அவருக்கு ஜெயில். வழியெல்லாம் அதையே மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஆனால் மொழிபெயர்ப்பாளர் கேட்ட முதல் கேள்வியே வேறு.

“உன் புருஷன் பேரு என்னம்மா?”

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பி வளர்ந்தவள் நான். ‘ஏங்க’ என்பதற்கு மேல் அவரைக் கூப்பிட்டதே இல்லை.

“மலை மேல மயிலோட நிக்கிறாரே, அவரு பேருதாங்கய்யா,” என்றேன்.

மனுஷர் அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லியிருக்க வேண்டும். மாஜிஸ்ட்ரேட் துரை எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்த மலைக்காரரையும் சாட்சிக்குக் கூட்டிவரச் சொன்னார்.

கிராணி விடுவானா? “முருகனுக்கு எத்தனையோ பேருங்கய்யா, இவளுக்கு எது தெரியும்? இவ பொண்டாட்டியே இல்ல, கூட்டியாந்த பொய்ச்சாட்சி,” என்றான்.

துரை முகம் மாறியது. “பேரச் சொல்லலைன்னா உன் சாட்சிய எடுக்க மாட்டாராம். சொல்லிடும்மா,” என்று மொழிபெயர்ப்பாளர் கெஞ்சினார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆயுசு குறைவதானால் என்னோடு வீட்டில் இருந்து குறையட்டும், ஜெயிலில் வேண்டாம். கைதிக் கூண்டின் பக்கம் திரும்பினேன். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டே விட்டேன்.

“என்னா புள்ள?” என்றார் அவர், நான் அடுப்படியிலிருந்து கூப்பிட்ட மாதிரி.

கோர்ட்டே சிரித்தது. துரையும் சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அப்புறம் என் வாயை யார் அடக்குவது? குட்டி பிறந்த காலையிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். கிராணியிடம் துரை திருப்பித் திருப்பிக் கேட்டதில் அவன் உளறிக் கொட்டினான். அவரை விட்டுவிட்டார்கள், ஆட்டையும் கொடுத்தார்கள். கிராணி சொன்னதைப் பொய் என்று ஒரு கூலிக்காரி சொல்ல, ஒரு துரை அதை எழுதிக்கொள்கிறார். சட்டம் மாறிவிட்டது என்று நான் நம்பியது அன்றைக்குத்தான்.

ஆட்டை இழுத்துக்கொண்டு தங்கா பத்து ரோட்டில் நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அவர் மெதுவாக, “புள்ள, இன்னொரு தடவ கூப்பிடேன்,” என்றார்.

“அதுக்கு நீங்க இன்னொரு ஆடு திருடணும்லா,” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே முன்னால் போனார். அவர் காதில் விழாமல், அந்தப் பெயரை நானே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.