திமிங்கலத்தின் மீதிக் கதை

கொஞ்ச நாள் எனக்கு வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை. வாயைத் திறந்துதான் ஒரு பச்சைக் குழந்தையின் பாலைக் கெடுத்தேன்.

லெந்து நாட்கள்... ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலம். எங்கள் பாளையங்கோட்டைச் சபையில் வெள்ளிதோறும் பெண்களுக்கு உபவாச ஜெபம். "டீச்சர், தாய்மையப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசுங்க" என்றார்கள். பள்ளி விட்டு வந்த அலுப்பு. யோசிக்கத் தெம்பில்லை. முந்தின நாள் டிவியில் பார்த்த கூன்முதுகுத் திமிங்கலத்தை எடுத்து விட்டேன்.

குட்டி ஈனுவதற்காக அந்தத் தாய் குளிர்ந்த கடலிலிருந்து வெதுவெதுப்பான கடலுக்கு நீந்தி வருகிறது. அங்கே அதற்குச் சரியான இரை கிடையாது. மாதக்கணக்கில் பட்டினி. ஆனாலும் தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் கரைத்துப் பால் கொடுக்கிறது...

"ஸ்தோத்திரம்!" என்று நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குப் பெருமைதான். பொய் சொல்வானேன்?

இரண்டு வாரம் கழித்து, மூன்றாவது வீட்டு மெர்சியைப் பார்க்கப் போனேன். மூன்று மாதக் குழந்தைக்காரி. முகம் வெளிறிக் கிடந்தது. குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"பால் பத்தல டீச்சர். மதியம் வரைக்கும் உபவாசம். மீனையும் நிப்பாட்டியாச்சு."

மீன் என்றால் பால்சுறா. வேகவைத்து உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு கிளறிக் கொடுத்தால் பால் ஊறும் என்பார்கள். லெந்து நாளில் வீடே மீனை விட்டபோதும், மருமகளுக்கு மட்டும் அதைச் செய்து கொடுத்தவர் மாமியார் எஸ்தர் அக்கா. அவரா நிறுத்தினார்? அடுப்படியிலிருந்து வந்தவரிடமே கேட்டேன்.

"ஏன்க்கா, பிள்ள பெத்தவளுக்கு எதுக்கு உபவாசம்?"

"நீங்கதான சொன்னிய டீச்சர்? திமிங்கலமே தின்னாம பால் கொடுக்கு. இவளுக்கு ஒரு நேரம் பசி தாங்காதாக்கும்?"



"நான் மீதிக் கதையச் சொல்லலக்கா" என்றேன். சொன்னேன். கிளம்புவதற்கு முன் கோடை முழுக்க அந்தத் தாய்க்குத் தின்பதுதான் வேலை. நீருக்கடியில் வட்டமடித்துக் குமிழி விடும். மிரண்டு ஒன்றுகூடும் மீன்களை வாய் பிளந்து அள்ளும். கூனிப்பொடி மாதிரி குட்டி இறாலையும் விடாது. தின்று தின்று சேர்த்ததுதான் பாலாகிறது. குட்டியைக் கூட்டிக்கொண்டு திரும்ப ஓடுவதும் தின்னத்தான்.

டிவியில் இதைத்தான் அதிக நேரம் காட்டினார்கள். இருபது வருஷம் அறிவியல் நடத்திய நான் ஏன் இதை விட்டேன்? அம்மா சாப்பிடுவதில் உருக என்ன இருக்கிறது! இந்தப் புத்திதான் எனக்கு அலுப்பாக இருக்கிறது. அம்மாவைப் புகழ வேண்டுமென்றால், முதலில் அவள் தட்டை எடுத்துவிடுகிறோம்.

எஸ்தர் அக்கா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?" என்றார்.

மறுநாள் காலை மீன்காரரின் ஹாரன் அந்த வீட்டு வாசலில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தபோது மெர்சி புட்டுத் தட்டைக் கையில் வைத்துத் தயங்கிக்கொண்டிருந்தாள்.

"லெந்துலா அத்த..."

"திமிங்கலம் லெந்து பாக்குமாக்கும்? தின்னுட்டி!"

போன வெள்ளிக்கிழமை நானே கேட்டு எழுந்து, மீதிக் கதையைச் சபையில் சொன்னேன். ஒரு தாய் வயிறு நிறையத் தின்ற கதை. பின்வரிசையில் மெர்சியின் மடியில் குழந்தை பால் குடித்துத் தூங்கிப்போயிருந்தது.

யாரும் கண்ணைத் துடைக்கவில்லை.