கவிதா கேட்ட முப்பது செகண்ட்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக மெஷினோடு குப்பை கொட்டுகிறேன். கரண்ட் இல்லாமல் லைட் எரிந்தது என்று எவனாவது சொல்லியிருந்தால் அவன் வாயை மோந்து பார்த்திருப்பேன். இப்போது நானே சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

என் மனைவி கவிதா வீட்டிலிருந்தே பள்ளிப் பாடங்களுக்குக் குரல் கொடுத்தாள். படுக்கையறை மூலையில் மைக், லேப்டாப், இரண்டுக்கும் நடுவே மைக்கையும் ஹெட்போனையும் சொருகுகிற ஒரு கறுப்புப் பெட்டி. வாசிக்கும் முன் அறையின் அமைதியை மட்டும் முப்பது செகண்ட் பதிவு செய்வாள். பிற்பாடு இரைச்சலை நீக்க அது வேண்டுமாம். நான் டிபன் பாக்ஸும் கையுமாக அப்படியே நிற்க வேண்டும். பதிவை நிறுத்திவிட்டு அவள் ஒரு சொடக்கு போட்டால்தான் அசையலாம். ஒருமுறை தும்மிவிட்டு நாள் முழுக்கத் திட்டு வாங்கினேன்.

போன ஆடியில் மூளைக்காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பேசினவள், அவள் குரல் என்னிடம் ஒன்றுகூட இல்லை. என் போன் பஸ்ஸில் தொலைந்தது. அவளோ வேலையை அனுப்பியதும் அழித்துவிடுவாள். செத்ததைவிட இதுதான் என்னைத் தின்றது.

ஒரு ஞாயிறு மத்தியானம் லேப்டாப்பில் ஏதாவது மிச்சமிருக்குமா என்று உட்கார்ந்தேன். அதன் ஸ்பீக்கர் எப்போதோ போய்விட்டது, பெட்டி வழியாகத்தான் கேட்க வேண்டும். எந்த கேபிள் எதில் என்று எனக்குத் தெரியாது. மைக்கை வாங்கிப் போயிருந்த அவள் தம்பி சரவணனுக்குப் போன் போட்டேன்.

"யுஎஸ்பிய லேப்டாப்ல குத்துங்க மாமா, ஹெட்போன பாக்ஸ்ல. அவ்ளோதான். மைக் இல்லாட்டி என்ன, கேக்கத்தான போறீங்க?"

பதினேழு ஃபைல்கள் இருந்தன. எல்லாமே அந்த முப்பது செகண்ட் அமைதி. சத்தத்தை முழுசாகக் கூட்டி ஒவ்வொன்றாகக் கேட்டேன். மனுஷிக்கு ஒரு இருமலாவது வந்திருக்கக் கூடாதா?

கடைசி ஃபைலை மூடினேன். அப்போது பெட்டியில் மைக்குக்கான பச்சை லைட் மினுங்கியது. அந்த ஓட்டையில் கேபிளே கிடையாது. ஹெட்போனில் அவள் குரல்.

"ஃபேன ஆஃப் பண்ணுங்க. முப்பது செகண்ட்."

எழுந்தேன். ஹெட்போனைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை, ஒயர் இழுபட்டுப் பெட்டி கட்டிலில் விழுந்த சத்தம் கேட்டது. ஃபேனை அணைத்துவிட்டு, சுவிட்ச் மேல் வைத்த கையோடு நின்றேன். பச்சை லைட் எரிந்துகொண்டே இருந்தது. காதுக்குள் அவள் மூச்சு. பிறகு லைட் அணைந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் யுஎஸ்பி கேபிள் கழன்று தரையில் கிடக்கிறது.

"அந்த கேபிள்லதான் மாமா கரண்டே வருது. கழண்டா அப்பவே செத்துரும்" என்றான் சரவணன் போனில். நடந்ததைச் சொன்னேன். "சரியா தூங்குறீங்களா?" என்றான்.

லைட் எப்படி எரிந்தது என்பது எனக்கு வேண்டாம். முப்பது செகண்ட் கிடைத்ததே, கவிதா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே. வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நின்றேன், மடையன். அதன் பிறகு தினமும் கேபிளைச் சொருகுகிறேன், பிடுங்குகிறேன். ஒன்றுமில்லை.

ஆனால் அன்றைக்கு அவள் சொடக்கு போடவில்லை. அந்த அறையில் இன்னும் நான் ஃபேன் போடுவதில்லை.