எடைமேடையில் முறுக்கிக்கொண்ட பெட்டி

ஜொகூரில் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. அதன் எடைமேடைக்கு எங்கள் கம்பெனி ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தது. பழக்குலை ஏற்றிய லாரி மேடையில் ஏறியதும் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து, எடையோடு சேர்த்து ஆலை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். சில நாள் ஒழுங்காகச் செய்யும். பிறகு மெல்ல மந்தமாகி, அப்படியே நின்றுவிடும். சுவிட்சை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

எடைமேடையில் கணக்கு எழுதும் கிராணி அக்கா அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டார். ஜொகூர் பாருவில் என் மேசைக்குப் போன் வரும்.

“மாப்பிள்ளை இன்னிக்கும் முறுக்கிக்கிட்டாரு மா. வெளிய லாரிங்க வரிசையா நிக்குது. நீங்க வந்து சமாதானம் பண்றீங்களா, நானே தலையில தட்டட்டுமா?”

“சுவிட்ச அணைச்சுப் போடுங்க அக்கா.”

“எப்பவும் இதைத்தான் சொல்றீங்க. இதுக்கா யுனிவர்சிட்டி வரைக்கும் போய்ப் படிச்சீங்க?”

பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். அதன் உள்மையமான கெர்னலில், கேமராவை இயக்கும் பகுதியை எங்கள் கம்பெனியிலேயே எழுதியிருந்தார்கள். எழுதியவர் சிங்கப்பூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். கெர்னலின் நினைவகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்கிறது என்பது வரை எங்களுக்குப் புரிந்தது. எங்கே போகிறது என்பதுதான் தெரியவில்லை. ஆபீசில் அதே மாதிரிப் பெட்டியை வாரக்கணக்கில் ஓட விட்டுப் பார்த்தோம். நல்ல பிள்ளையாக ஓடியது.

“அங்க மட்டும்தான் இப்படிப் பண்ணுது. உங்க கிராணி அக்கா செய்வினை வச்சிட்டாங்க போல,” என்றார் என் சக பொறியாளர். என்னைவிட வயதில் சிறியவர், எதற்கும் பதறாதவர். மறுநாள் இருவரும் காரில் கிளம்பினோம். வழியில் யோங் பெங்கில் மீன் உருண்டை சாப்பிடாமல் அவருக்குக் கார் நகராது. அது ஆனபிறகு சாஆ போய்ச் சேர்ந்தோம்.

எடைமேடை அறை ஒரு பழைய கண்டெய்னர். கிராணி அக்கா எங்களுக்கு டீ கொடுத்து உட்கார வைத்தார். லாரி ஏறியபோது அறையே ஆடியது, டீ தளும்பியது. பெட்டியில் கேமரா விளக்கு ஒரு கணம் அணைந்து மறுபடி எரிந்தது. படம் என்னவோ வந்துவிட்டது. கேமரா முதல்முறை பதில் சொல்லாவிட்டால் பெட்டி மறுபடி கேட்கும், அப்போது கிடைத்துவிடும். அதனால்தான் யாரும் இதைக் கவனிக்கவில்லை.

“கேபிள் லூஸ். கட்டி விட்டுட்டுப் போயிடலாம் லா,” என்றார் சகா.

எனக்கும் ஆசைதான். ஆனால் கேபிள் ஆடுவதற்கு நினைவகம் ஏன் தீர வேண்டும்? அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன்.

கெர்னலின் நினைவகத்தில் ஓர் இடத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை இருக்கும். எடுக்கிறவர் ஒன்று கூட்ட வேண்டும், முடித்ததும் ஒன்று குறைக்க வேண்டும். அது பூஜ்ஜியமானால்தான் இடம் காலியாகும். படம் நன்றாக வந்தால் எங்கள் புரோகிராம் குறைத்தது. கேமரா பதில் சொல்லாவிட்டால், பிழை என்று அறிவித்துவிட்டு, குறைக்காமலே வெளியேறியது. அந்தப் படத்துக்காக ஒதுக்கிய இடம் யாருக்கும் பயன்படாமல், காலியும் ஆகாமல் அப்படியே கிடந்தது. ஆபீசில் மேசை ஆடாது, கேமரா பதில் சொல்லத் தவறாது. அந்த வரிகள் அங்கே ஓடியதே இல்லை.

“என்னமா, கண்டுபிடிச்சாச்சா?”

“ஆச்சு அக்கா. படம் வரலன்னா, எடுத்த இடத்தைத் திருப்பிக் குடுக்காமப் போயிடுது.”

“அலமாக். எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு, ஸ்பேனர எடுத்தா எடுத்த இடத்துல வைக்க மாட்டாரு. அவருக்கும் ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்.”

சகா உற்சாகத்தில், பிழையோடு வெளியேறும் எல்லா இடங்களிலும் குறைக்கும் வரியைச் சேர்த்தார். நானும் பார்த்துத் தலையாட்டினேன். புதிய புரோகிராமைப் போட்டுவிட்டு ஊர் திரும்பினோம். மறுநாள் காலையிலேயே போன்.

“இந்தத் தடவ மந்தமாவே ஆகல மா. நல்லாப் பேசிக்கிட்டு இருக்குற ஆளு மயங்கி விழுற மாதிரி, படக்குனு விழுந்து எழுந்திரிச்சிச்சு. மானேஜர் பக்கத்துல நிக்கும்போதே.”

பிழையோடு வெளியேறும் இடங்களில் ஒன்றில், பழைய புரோகிராமே ஏற்கனவே ஒருமுறை குறைத்திருந்தது. எங்கள் வரி இன்னொரு முறை குறைத்தது. எண்ணிக்கை முன்னதாகவே பூஜ்ஜியமாகி, இன்னும் பயன்பாட்டில் இருந்த இடம் வேறு வேலைக்குப் போய்விட்டது. ஒரே இடத்தில் இரண்டு பேர் எழுதினால் கெர்னல் தாங்காது. முதலில் இருந்த கோளாறு மெதுவாகத்தான் கொன்றது. நாங்கள் சரிசெய்ததோ உடனே கொன்றது.

இந்த முறை ஆபீசில் அவர் கேமரா கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருக, நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வந்த பாஸ் எங்களைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அதிகப்படியான வரியை எடுத்த பிறகு, எவ்வளவு பிடுங்கினாலும் நினைவகம் குறையவில்லை, பெட்டியும் விழவில்லை.

மறுபடி சாஆ போய்ப் புதியதைப் போட்டோம். கேபிளை மட்டும் கட்ட வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். ஆடுகிற கேபிளோடு ஓடினால்தானே நம்ப முடியும்? வாரங்கள் போயின, போன் வரவில்லை. சகா கேக் வாங்கி வந்து ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்தார். மனசு கேட்காமல் நானே கிராணி அக்காவைக் கூப்பிட்டேன்.

“நல்லா ஓடுது மா, ஒரு குறையும் இல்ல. அந்த வயரு ஆடிக்கிட்டே இருந்துச்சா, நீங்க போன அன்னிக்கே ராஃபியா கயிறு போட்டு இறுக்கிக் கட்டிட்டேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “அவுத்து விட்டுடுங்க அக்கா, ப்ளீஸ்.”

“நல்லா இருக்கறத எதுக்கும்மா கெடுக்கச் சொல்றீங்க?”

கேபிள் ஆடாவிட்டால் கோளாறு தீர்ந்ததா என்றே தெரியாது என்று விளக்கினேன். எதிர்முனையில் கத்தரிக்கோல் தேடும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த வாரங்களில் அறை ஆடியது, கேமரா விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது, பெட்டி நிற்காமல் ஓடியது. அப்புறம்தான் நாங்கள் போய்க் கேபிளை ஒழுங்காகக் கட்டினோம்.