பஞ்சாலை பிடுங்கிப் பார்த்த வேர்

ஜப்பான்காரன் காலத்தில் ரந்தாவ் ரப்பர்த் தோட்டத்தில் பஞ்சாலை என்பவள் என் பக்கத்து வீட்டுக்காரி. புருஷனைச் சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போனபின், நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மூன்று தக்காளிச் செடி வைத்தாள். பழத்தைக் கொடுத்து மகளுக்கு அரிசி மாற்ற நினைத்தாள். பூக்கும் நேரத்தில் மூன்றிலும் இலை சுருண்டு, தோலாய்த் தடித்தது.

“உரமாப் போட்ட சாம்பல் கூடிப்போச்சாக்கா?” என்றாள்.

“வேருல முடிச்சு விழுந்திருக்கும்டி. ஒண்ணப் புடுங்கிப் பாரு” என்றேன்.

பிடுங்கினாள். வேர் சுத்தமாக இருந்தது.

“அப்ப அடுத்ததுல இருக்கும்” என்றேன்.

அதையும் பிடுங்கினாள். அதிலும் இல்லை. மூன்றாவதை மறைத்து உட்கார்ந்துகொண்டாள்.

“நோவு தெரியாட்டிப் போகுதுக்கா. செடி இருக்கட்டும்.”

அதில் கோலிக்குண்டளவு நாலு பழம் வந்தது. ஒரு குவளை அரிசி கிடைத்தது. என்ன நோவென்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. வேர்தான் என்றே சொல்வேன்.