நித்திரை அடைந்தார் என்று வந்த செய்தி

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஜெபம் கேட்கப்படாத நாட்களை நான் அறிவேன். அவை நீளமானவை. ஆனாலும் தாங்கிக்கொள்ளலாம். ஜெபம் கேட்கப்பட்டுவிட்டதே என்று நான் நடுங்கிய மத்தியானம் ஒன்று உண்டு. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

என் கணவர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பத்தொன்பது வருடமாக ஊழியம் செய்கிறார். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். போதகர் என்பதால் குப்பத்தில் அவருக்குப் பெயர் ஐயரு, எனக்கு ஐயரம்மா. போன வருடம் ஆடி மாதம் அவர் குரல் கரகரத்தது. பிரசங்கம் பண்ணிப் பண்ணி வந்தது என்று மிளகும் தேனும் கொடுத்தேன். ஆவணியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். முப்பத்தைந்து முறை கதிர்வீச்சு, எங்கள் பேச்சில் கரண்ட், வைக்க வேண்டும், நடுவில் விடக் கூடாது என்றார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே நாள்தான் திரும்பத் திரும்ப விடிந்தது. அஞ்சு மணிக்குக் கஞ்சி. பிளாஸ்க். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ். ஆஸ்பத்திரியில் நீளமான பெஞ்சு. அவர் முகத்துக்கு அச்செடுத்து வெள்ளை வலைபோல ஒரு முகமூடி செய்திருந்தார்கள். அதை மாட்டி, தலை அசையாமல் மேசையோடு பூட்டுவார்கள். உள்ளே அலமாரியில் அப்படி வரிசையாக முகங்கள் இருந்தன. மூக்கு இருக்கும், நெற்றி இருக்கும், ஆள் இருக்க மாட்டார். சில காலைகளில் ஒரு முகம் குறைந்திருக்கும். சிகிச்சை முடிந்து போனாரா, வேறெப்படிப் போனாரா என்று பெஞ்சில் யாரும் கேட்பதில்லை.

முகமூடியைப் பற்றிச் சொன்னபோது குப்பத்துக் கன்னியம்மா சிரித்தாள். மீன் விற்கிறவள். சபைக்கு வருவாள், பாதிப் பிரசங்கத்தில் எழுந்து போய்விடுவாள். "பார்த்தியா ஐயரே, நீ எங்கள புடிச்ச மாறி உன்னையும் ஆண்டவன் வலையில போட்டுட்டான்" என்றாள். அவரும் அன்று சிரித்தார். அதுதான் கடைசிச் சிரிப்பு.

இருபத்து நாலாவது கரண்ட் முடிவதற்குள் குரல் அறவே போயிற்று. கஞ்சி இறங்கவில்லை. மூக்கில் குழாய் போடவும் சம்மதிக்கவில்லை. ஒன்பது நாள் கண் மூடவில்லை. வலியோடு சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். ஒரு திங்கட்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பச் சொன்னேன். மகளின் பழைய சிலேட்டை எடுத்து ஒரே வார்த்தை எழுதினார்: போதும்.

செவ்வாய் போகவில்லை. புதனும் போகவில்லை. இன்னும் பதினொன்று பாக்கி. விட்டால் கட்டி திரும்ப வளரும், அப்புறம் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் போனில் சொன்னார். வியாழக்கிழமை, வலிக்கு வேறு மருந்து கேட்டு வாங்க நான் மட்டும் செங்கல்பட்டு போனேன். பஸ்ஸில் ஜெபித்தேன். "ஆண்டவரே, அவருக்கு இளைப்பாறுதல் தாரும். எப்படியாவது தாரும்."

எப்படியாவது. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

திரும்பி வரும்போது, திருக்கழுக்குன்றம் தாண்டியதும், போனை எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஜெபக் குழுவில் மகள் பிரிசில்லா போட்ட செய்தி: "கர்த்தருடைய கிருபையால் அப்பா நித்திரை அடைந்தார். தயவுசெய்து யாரும் போன் செய்ய வேண்டாம். ஜெபித்துக்கொள்ளுங்கள்."

மூன்று முறை வாசித்தேன். மகளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மணி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

நான் கேட்டேன். ஆண்டவர் கொடுத்துவிட்டார்.

அழுகை வரவில்லை. வெளியே வெயிலுக்கு நிறமே இல்லை. முன் சீட்டில் தாயின் தோளில் கிடந்த குழந்தை என்னைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் பூக்கூடை வைத்திருந்த அம்மாள், "இன்னாம்மா, மொகம் ஏன் இப்டி கீது?" என்றாள். வாயைத் திறந்தேன். என் குரலும் போயிருந்தது. மாமல்லபுரம் சிற்பப் பட்டறைகளில் சாப்பாட்டு நேரம். ஒரு உளிச் சத்தம் இல்லை. சாலையோரம் முகம் செதுக்காத சிலைகள் நின்றன. அந்த முகமில்லாத தலைகள் எல்லாம் எங்கள் பஸ்ஸின் பக்கம் திரும்பியிருந்ததாக எனக்குத் தோன்றியது.

வீட்டு வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பு. ஒரு சத்தம் இல்லை. கேட்டுக்கு வெளியே ஒரு வேன், அதில் கண்ணாடி மூடிய குளிர்பெட்டி. டீ குடித்துக்கொண்டிருந்த ஆள் டம்ளரைக் கீழே வைத்தான். "நீங்கதான் வூட்டுக்காரம்மாவா? பொட்டிய எங்க வைக்கிறது? கரண்ட் பாயிண்ட் எங்க கீது?"

அவனைத் தாண்டி உள்ளே போனேன். கூடத்தில் குப்பத்துப் பெண்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விசுவாசி வீட்டில் ஒப்பாரி கூடாது என்று எங்கள் சபை மூப்பர் தங்கராஜ் சொல்லியிருக்கிறார். அதனால் வாயைத் திறக்காமல் ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தார்கள். தேனடைக்குள் தலையை விட்டதுபோல அந்த முனகல் காதைச் சுற்றியது. மூப்பர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஐயரம்மா, திடமா இருங்க. நீங்க வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அறைக்குள் திரை இழுத்திருந்தது. வெளிச்சம் உறுத்துமென்று கண்ணில் போடும் ஈரத் துணி அப்படியே இருந்தது. மெழுகு நிறத்தில் கன்னம். திறந்த வாய். கட்டிலின் கால்மாட்டில் கன்னியம்மா குந்தியிருந்தாள். அவர் பாதத்தோடு, யாருக்கும் கேட்காத குரலில், சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எம் புருசன் கடல்ல பூட்ட அன்னிக்கு நானும் பூடறேன்னு பட்டினி கெடந்தேன். கஞ்சியத் தூக்கிகினு மூணு நாளு எம் வாசல்ல குந்திகினு இருந்தியே. துன்னு கன்னியம்மா, துன்னாதான் ஜெபம் பண்ண முடியும்ன. எனக்கு ஒரு நாயம், உனக்கு ஒரு நாயமா? நீ துன்னாம பூட்டியே ஐயரே. ஏமாத்திட்டியே."

நான் குனிந்து அவர் பாதத்தைப் பிடித்தேன்.

சூடாக இருந்தது.

பெருவிரல் அசைந்தது. அப்புறம் கை மெதுவாக எழும்பி, கண்ணிலிருந்த துணியை இழுத்தது. இரண்டு கண்ணும் நனைந்திருந்தன. முனகல் நின்றது. வாசலில் யாரோ "இயேசுவே" என்று கத்தினார்கள். மூப்பர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அடப் பாவி ஐயரே, உசுரோட கீறியா!" என்று கன்னியம்மா அவர் காலில் ஒரு அடி வைத்தாள். "ஒரு மணி நேரமா அய்துகினு கீறேன், இன்னா நடிப்பு உனுக்கு!"

இரைச்சல் கேட்டு மாடியிலிருந்து பிரிசில்லா இறங்கி வந்தாள். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அப்பாவுக்காக வீட்டிலிருந்தே பார்க்கிறாள். கதவைச் சாத்தி, காதில் மாட்டிக்கொண்டு, ஆபீஸ் மீட்டிங்கில் இருந்திருக்கிறாள். "என்னம்மா இவ்ளோ கூட்டம்?"

நான் போனை நீட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. "ஒன்பது நாள் கழிச்சு காலையில தூங்கிட்டாங்க. யாரும் போன் பண்ணி எழுப்பிடக் கூடாதுன்னுதான் போட்டேன். குரூப்புல நல்ல தமிழ்ல எழுதணும்னு அப்பாதானே சொல்வாங்க? நித்திரைன்னா தூக்கம்தானே?"

"பாப்பா," என்றார் மூப்பர், நெஞ்சைத் தடவிக்கொண்டே, "நித்திரை பண்றார்னா தூக்கம். நித்திரை அடைந்தார்னா அடக்க ஆராதனை."

யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் கன்னியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார்.

அன்று அரை டம்ளர் கஞ்சி கொடுக்க இருபது நிமிஷம் ஆனது. நான் தலையைத் தாங்கினேன், கன்னியம்மா ஸ்பூனைப் பிடித்தாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துக்கத்துக்கு வந்த நாற்பது பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெட்டிக்காரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எறங்கிச்சா? எறங்கிச்சா?" என்றான்.

இறங்கியது.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பின்னால் அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார். விழிப்பு வந்தபோது பாட்டு கேட்டதாம், அழுகை கேட்டதாம். கண்மேல் துணி. மருந்து மயக்கத்தில் கை எழும்பவில்லை. மரித்துவிட்டேன் என்றே நம்பினேன் என்று எழுதினார். பயம் இல்லையாம். கன்னியம்மா கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லையாம். இந்தக் கேள்வியை ஆண்டவரும் கேட்பாரே, என்ன சொல்வேன் என்று தேடிக்கொண்டிருக்கும்போதுதான் என் கை அவர் காலில் பட்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை அவரே சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கன்னியம்மா மீன்கூடையை வீட்டில் வைத்துவிட்டுக் கூட வந்தாள். மூக்கில் குழாய்க்கும் சம்மதித்தார். பதினொரு கரண்டும் முடிந்தது. மூன்று மாதம் கழித்துத் தொண்டைக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், கட்டி தெரியவில்லை, ஆனால் விடாமல் வந்து காட்டுங்கள் என்றார். காட்டுகிறோம். போகிற ஒவ்வொரு முறையும் எனக்குப் பயம்தான், அதை மறைக்க மாட்டேன். குரல் பாதிதான் திரும்பியது. அந்தப் பாதிக் குரலைக் கேட்க இப்போது கன்னியம்மா பிரசங்கம் முடியும்வரை உட்கார்ந்திருக்கிறாள்.

நான் மாறிப்போனேன். என் ஜெபத்துக்கு அன்று காலையிலேயே பதில் வந்துவிட்டது. நான் இளைப்பாறுதல் கேட்டேன், ஆண்டவர் ஒரு நல்ல தூக்கம் கொடுத்தார். என் மகள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அதை மரணமாக வாசித்தது என் அவிசுவாசம். எப்படியாவது என்று பயந்து கேட்டேன். அவர் என் வார்த்தையைப் பிடித்துக்கொள்ளவில்லை, என் தவிப்பைக் கேட்டார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டுக் கட்டிலிலும் யாராவது சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடக்கலாம். சரியான வார்த்தை வரவில்லையே என்று ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். தப்பும் தவறுமாகவே கேளுங்கள். வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் ஜெபம் உண்டு, நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் வரும்போது எங்கள் ஐயர் படுத்திருந்தால், வாசலில் நின்று அழ வேண்டாம். உள்ளே போய் எழுப்புங்கள். எழுந்துகொள்வார்.