மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விலாசம்

இந்த ஜெர்மனியில் வீட்டு இலக்கம் மட்டும் தெரிந்தால் கடிதம் வந்து சேராது. ஒரு மாடிக் கட்டடத்தில் எட்டுக் குடும்பம் இருக்கும், பன்னிரண்டு குடும்பம் இருக்கும், எல்லோருக்கும் ஒரே இலக்கம்தான். கீழே வாசலில் தபால்பெட்டிகள் வரிசையாக இருக்கும். எந்தப் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் நீங்கள் குடியிருக்கிறீர்கள். பெயர் இல்லையென்றால், நீங்கள் உள்ளே இருந்து சோறு தின்றுகொண்டிருந்தாலும், இப்படி ஒருவர் இங்கே இல்லை என்று கடிதம் திரும்பிப் போய்விடும். ஊரில் சந்தியில் நின்று அப்பாவின் பெயரைச் சொன்னால் படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாள் எடுக்கும். எனக்கு எட்டு வயதிலேயே பிடிபட்டுவிட்டது. ஆனால் நாற்பத்தாறு வயதில், ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, நான் குடியிருக்காத ஒரு வீட்டின் தபால்பெட்டியில் என் பெயரை நானே கொண்டுபோய் ஒட்டினேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

நான் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஹவுஸ்மைஸ்டர். வாசலைத் திறந்து பூட்டுவது, ஹீட்டரைப் பார்ப்பது, அடைத்துக்கொண்ட கழிவறையைச் சரிசெய்வது, பனி விழுந்தால் விடிய முன்னமே வந்து வழிப்பது எல்லாம் என் வேலை. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இந்தப் பக்கத்து ஊர்களின் அமைப்பு உங்களில் பலருக்குத் தெரியும்: பணமுள்ளவன் மேட்டில், இல்லாதவன் பள்ளத்தில். எங்கள் பள்ளிக்கூடம் பள்ளத்தில், ரயில் பாதையோரமாக இருக்கிறது. எட்டு வயதில் அகதிப் பிள்ளையாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் முதன்முதல் போன பள்ளிக்கூடமும் அதுதான். அன்றைக்கு என்னைப் பார்த்து முறைத்த பழைய ஹவுஸ்மைஸ்டரின் திறப்புக் கொத்து இன்றைக்கு என் இடுப்பில் தொங்குகிறது.

பள்ளிக்கூட நடைபாதைச் சுவரில் வருடா வருடம் எடுத்த வகுப்புப் படங்கள் மாட்டியிருக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுவேன். என் வகுப்புப் படத்தில் நான் ஒருவன்தான் கறுப்பு. இரண்டு துருக்கிப் பிள்ளைகள், ஒரு இத்தாலிக்காரன், மற்றதெல்லாம் வெள்ளை. அங்கிருந்து ஒவ்வொரு படமாகத் துடைத்துக்கொண்டு நடந்தால் முகங்கள் மாறிக்கொண்டே வரும். யூகோஸ்லாவியாப் பிள்ளைகள், ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மன் குடும்பங்களின் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள், ஆப்கான், சிரியா, உக்ரேன். கடைசிப் படத்துக்கு வரும்போது வெள்ளைக்கார ஜெர்மன் பிள்ளையை விரல் வைத்துத் தேட வேண்டும். தேடினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அந்தப் படத்தின் முன்னால் நின்று, ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். எண்ணி முடித்த பிறகு, எதற்கடா எண்ணுகிறாய் என்று என்னையே கேட்டேன்.

என் படத்தில் எனக்குப் பக்கத்தில் மார்க்குஸ் என்று ஒரு பையன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். எனக்குச் சைக்கிள் பழக்கியவன் அவன்தான். அடுத்த கோடை விடுமுறை முடிந்து போனபோது அவனுடைய கதிரையில் வேறு ஆள். மார்க்குஸ் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான் என்று ஆசிரியை சொன்னார். வீட்டில் வந்து அழுதேன். "அவையள் வீடு மாறிப் போயிருப்பினம், நீ அழாத" என்றார் அப்பா. ஒரு கிழமை கழித்து எங்கள் தெருப் பேக்கரியில் மார்க்குஸைக் கண்டேன். வீட்டில் போடும் களிசானோடு நின்றான். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினான். அவனுடைய தகப்பன் அவன் தோளைப் பிடித்து மற்றப் பக்கம் திருப்பினார். அந்த மனிதரை நான் முப்பத்தெட்டு வருடமாக மனதுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

என் மகள் ஆரணிக்கு ஆறு வயது. பாலர் பள்ளியில் அவளுக்கு உயிர்ச் சிநேகிதி ரீமா, சிரியாக்காரப் பிள்ளை. ரீமாவின் தகப்பன் காலித் சிரியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இங்கே பொதிகள் பிரிக்கிற கிடங்கில் வேலை. என்னை 'புரூடர்' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய அரைகுறை ஜெர்மனுக்கு அது சுலபமான சொல் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் அவர் உண்மையாகவே சகோதரன் என்று நினைத்துச் சொல்கிறார் என்பது விளங்கியது. ஒருநாள் அவர் என்னிடம், பள்ளத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு மாதிரிக் கதைக்கிறார்களே, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார். "பயப்படாதீர்கள். நான் படித்த இடம். நான் அங்கேயே இருக்கிறேன். என்னுடைய மகளும் அங்கேதான் வரப்போகிறாள்" என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வீட்டில் நான் கதைத்த கதை வேறு. இரண்டாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, மூன்றாம் வகுப்போடு சேர்த்துவிட்டார்கள், முதலாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் விளங்கவில்லை, கழிவறைக் கதவு மூன்று மாதமாக உடைந்து கிடக்கிறது, என்று ஒவ்வொரு நாளும் சாப்பிட உட்காரும்போது நான்தான் புலம்பினேன். என் மனைவி வதனி, யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டுக் கல்யாணம் கட்டி இங்கே வந்தவள், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேயிருந்தாள். ஆரணியை எங்கள் பள்ளிக்கூடத்தில் பதியச் சொல்லிக் கடிதம் வந்த அன்றைக்கு வாயைத் திறந்தாள்.

"பிள்ளையை நான் அங்க விடமாட்டன்."

"ஏன், நான் படிக்கேல்லையோ?"

"நீங்கள் படிக்கேக்க உங்களுக்குப் பக்கத்தில ஜெர்மன் பிள்ளை இருந்தது. அதால நாலு சொல்லுப் பிடிச்சனீங்கள். இவளுக்குப் பக்கத்தில ஆர் இருக்கினம்? ரெண்டும் மாறி மாறிப் பிழை பிழையாக் கதைக்கும்."

"அகதியா வந்த நாங்களே இப்பிடிக் கதைச்சா..."

"அந்தக் கதையை எனக்குச் சொல்லாதேங்கோ. அகதியளில எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை. என்ர பிள்ளையை நினைச்சுத்தான் பயம். நீங்கள்தானே நாளும் பொழுதும் வந்து புலம்புறியள், அப்ப அதெல்லாம் பொய்யோ?"

பொய் இல்லையே! அந்தப் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகள் கெடுக்கவில்லை. நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன், அதுகள் தங்கமான பிள்ளைகள். முன்பு கேக் விற்றுக் காசு சேர்த்து விளையாட்டுத் திடலுக்கு ஏறுகம்பி வாங்கிக் கொடுத்த தாய்மார் இருந்தார்கள். ஆசிரியர் வராவிட்டால் நகரசபைக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதுகிற தகப்பன்மார் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொருவராக மேட்டுக்கு ஏறிப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களுக்குக் கடிதம் எழுதத் தெரியாது. நான் எழுதலாம், எனக்கு எழுத வரும். உத்தியோகத்துக்கு ஏதும் வந்துவிடும் என்று பயந்து எழுதவில்லை.

இங்கே ஆரம்பப் பள்ளிக்கூடத்தை நாங்கள் தெரிவு செய்ய முடியாது. எந்தத் தெருவில் பதிந்திருக்கிறீர்களோ அந்தத் தெருவுக்குரிய பள்ளிக்கூடம்தான். அப்படியென்றால் தெருவை மாற்ற வேண்டும். நாங்கள் இங்கே வந்த புதிதில் எங்கள் வீட்டில் தங்கியிருந்த குலம் அண்ணைக்கு இப்போது மேட்டில் சொந்த வீடு இருக்கிறது. நான் கேட்கப் போய், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அவரே விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

"பேர் ஒட்ட வேணும், அவ்வளவுதானே? உன்ர கொப்பர் அந்த நாளில என்ர பேரை ஒட்டேல்லையோ தம்பி? அந்தப் பெட்டியில எத்தினை பேர் இருந்தது, ஞாபகமோ?"

ஞாபகம் இல்லாமலா? எங்களுடைய முதல் வீட்டுத் தபால்பெட்டியில் ஏழு பெயர் இருந்தது. அந்த நாளில் அகதி வழக்குப் போட்டவர்களை எங்கேயோ காட்டுப்புறத்து முகாமில் போடுவார்கள், அந்தப் பகுதியை விட்டு வெளியே போகக் கூடாது. எங்கள் ஆட்கள் வேலை தேடிக் களவாக எங்கள் வீட்டில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு ஊரிலிருந்து வரும் கடிதம் தொலையக் கூடாது என்பதற்காக அப்பா ஒவ்வொரு பெயராகச் சிறிய எழுத்தில் எழுதி ஒட்டினார். இடம் போதாமல் பெட்டியின் பக்கவாட்டிலும் ஒட்டினார். விலாசம் இல்லாதவனுக்கு விலாசம் கொடுப்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். கேள்வி கேட்க மாட்டோம், கையை விரிக்க மாட்டோம். அப்படி வந்த வழக்கத்தை வைத்துத்தான் நான் இப்போது அகதிப் பிள்ளைகளிடமிருந்து தப்பி ஓடப் பார்த்தேன். நாங்கள் தன் வீட்டுக்குக் குடிவருவதாகக் குலம் அண்ணை வீட்டுக்காரராகக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். சந்தோஷமாகத்தான் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவருடைய தபால்பெட்டியில் என் பெயரை ஒட்டினேன்.

பழைய வீட்டுப் பதிவு போய்விடக் கூடாது என்று, பதிவு அலுவலகத்தில் நானும் ஆரணியும் மட்டும் வீடு மாறுவதாகச் சொன்னேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கள் மனைவி?" என்று கேட்டார். "அவர் பழைய வீட்டில்தான்" என்றேன். அவருடைய முகம் இளகிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்காக இருவரும் நல்லபடியாகக் கதைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, பிரிந்து வாழும் பெற்றோருக்கான ஆலோசனைத் தாள் ஒன்றை நீட்டினார். நன்றி சொல்லி வாங்கினேன். வீட்டில் வதனி அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதைப் பிள்ளை காணாத இடத்தில வையுங்கோ" என்றாள்.

ஆரணிக்குப் புது விலாசத்தைப் பாடமாக்கினோம். யார் கேட்டாலும் நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும். தேவாரம் சொல்லிக்கொடுப்பதுபோலத் தெருப் பெயர், இலக்கம், திரும்பத் தெருப் பெயர், இலக்கம். "அது குலம் பெரியப்பான்ர வீடெல்லோ?" என்று முதல் நாள் கேட்டாள். இரண்டாம் நாள் கேட்கவில்லை. ரீமாவுக்குச் சொல்லக் கூடாது என்றும் சொல்லி வைத்தோம். கோடை முழுக்க நான் காலித்தைக் கண்டால் வேறு தெருவால் போனேன்.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விழா வியாழக்கிழமை. பிள்ளைகள் இனிப்பு நிறைத்த பெரிய காகிதக் கூம்புகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் நல்ல கோட் போட்டிருந்தேன். பாட்டு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு ஒரு வெள்ளைக்காரத் தாய் என்னிடம் சிரித்துக்கொண்டு வந்து, "மன்னிக்கவும், இங்கே நீங்கள்தான் ஹவுஸ்மைஸ்டரா? இந்தக் கதிரைகளை எங்கே வைப்பது?" என்று கேட்டார். நான் ஹவுஸ்மைஸ்டர்தானே! ஓம் என்று தலையாட்டிவிட்டேன். கோட்டைக் கழற்றிவிட்டுக் கதிரைகளை அடுக்கினேன். எனக்குப் பின்னால் அந்தத் தாய் இன்னொருவரிடம், இந்த வருடம் இங்கேயும் வரத் தொடங்கிவிட்டார்கள், நாங்கள் தனியார் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம் என்று சொல்வது கேட்டது. வகுப்பு முடிந்து ஓடி வந்த ஆரணி, "அப்பா, நீங்கள் இஞ்சயும் வேலையோ?" என்று கேட்டாள். வதனி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் விழா. காலித் இரவல் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வந்திருந்தார். ரீமா கூம்பைத் தூக்கிக்கொண்டு எல்லாப் பிள்ளைகளின் முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"புரூடர், ஆரணி எங்கே?"

"நாங்கள் வீடு மாறிவிட்டோம்" என்றேன். அப்பா எனக்குச் சொன்ன அதே வார்த்தை. காலித் ஒரு வினாடி யோசித்தார். பிறகு உண்மையான சந்தோஷத்தோடு என் தோளில் தட்டி, "பெரிய வீடா? கடவுள் ஆசீர்வதிக்கட்டும்" என்றார். அதற்குப் பதில் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை ஆரணி பிரெட்செல் ரொட்டி கேட்டாள். பேக்கரி எங்கள் வாசலுக்கு நேரெதிரே. தெருவைக் கடந்தால் சரி என்று வீட்டுச் செருப்போடு இறங்கிவிட்டேன். அவளும் இரவு உடுப்பின் மேலே ஒரு குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்தால் வரிசையில் காலித், பக்கத்தில் ரீமா. ரீமா கத்திக்கொண்டு ஓடி வந்து ஆரணியைக் கட்டிப்பிடித்தாள். காலித் சிரிக்கத் தொடங்கினார். பிறகு அவருடைய பார்வை கீழே இறங்கி என் செருப்பில் நின்றது. அங்கிருந்து ஆரணியின் பூப்போட்ட இரவுக் களிசானுக்குப் போனது. கணக்கு வாத்தியார் அல்லவா, விடை கண்டுபிடிக்க அவருக்கு நேரம் எடுக்கவில்லை. என் குடும்பப் பெயருக்கு முன்னால் 'திரு' என்கிற 'ஹெர்' போட்டு, காலை வணக்கம் சொன்னார். புரூடர் என்று சொல்லவில்லை. ஆனால் ரீமாவை இழுக்கவில்லை, மற்றப் பக்கம் திருப்பவும் இல்லை.

ரீமா ஆரணியின் கையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்: "நீ இப்போது எங்கே இருக்கிறாய்?"

ஆரணி என்னைப் பார்த்தாள். அவள் கையை விடுவித்துக்கொண்டு, நாங்கள் பழக்கியபடி நிமிர்ந்து நின்று, குலம் அண்ணையின் தெருப் பெயரையும் இலக்கத்தையும் ஒரு பிழையும் இல்லாத ஜெர்மனில் சொன்னாள். சொல்லி முடித்ததும், சரியோ என்று கேட்பதுபோல மறுபடியும் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடிக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், எங்கள் ஜன்னலில் வதனி ஆரணியின் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள்.