கயிறு பிடிக்க ஒருவர்

எழுபதுகளில் ஒருமுறை, ரயிலுக்காகத் தூத்துக்குடியில் அரை நாள் காத்திருந்தேன். கருவாட்டு வாடை மூக்கைத் துளைத்தது. அவ்வூர் முந்திரி இனிப்பான மக்ரூனோ நாக்கில் கரைந்தது. உடம்புவலி தீர, கடலில் மூழ்கிச் சங்கு குளித்துவிட்டு, ஓய்வு நேரத்தில் கடற்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவரிடம் தேய்த்துக்கொண்டேன். சுகமாக இருந்தது. பேச்சுக் கொடுத்தேன்.

"நீங்கள் கடலுக்குள் இறங்கினால், உங்கள் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே படகில் யார் பிடிப்பார்?"

"எம் பொண்டாட்டி தம்பிதான் அண்ணாச்சி. வேற யாரு கையிலயும் குடுக்க மாட்டோம். அக்கா தாலி அறுக்க அவன் விடுவானா? ஒங்களுக்கு மச்சினன் உண்டா?"

"உண்டு" என்றேன்.

அழைப்பிதழில் என் பெயர் விடுபட்டதென்று, அந்த மச்சினன் கல்யாணத்துக்கு என் மனைவியைக்கூட அனுப்பாதவன் நான்.

ரயிலில், கயிறு கட்டாமல் கடலில் இறங்கியவன்போல் உட்கார்ந்திருந்தேன்.